தொழிலுக்கு வைத்தியம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்று நீ கேட்கவில்லை, கேட்காமலே சொல்லப்போகிறேன். அங்கே நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். சௌக்கியமாக இருக்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றும்.

"அண்ணா, உங்க பொண்ணு படிச்ச அதே ஆக்குபேஷனல் தெரபியைத்தான் படிப்பேன்னு சின்னவ ஒத்தக் கால்ல நிக்கிறா. சேத்து விடட்டுமா? படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று போனில் கேட்டாய். விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் என் மகள் இருந்தாள். அவள் காதுபட இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதலில் பெயர். நான் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன். ஒரு சொல்லைப் பார்த்தால் அதில் எங்கே உதைக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நானே என் மகள் பட்டம் வாங்கி வந்த பெருமையில் அகராதியைப் புரட்டி, 'தொழில்வழிச் சிகிச்சை' என்று அழகாகப் பலகை எழுதி வாசலில் மாட்டினேன். மாட்டிய மறுநாளே தெருமுனைச் செருப்புக் கடைக்காரர் வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "தொழில் படுத்துருச்சும்மா. எதிர்த்தாப்புல பெரிய கடை வந்ததுலேருந்து எந்திரிக்கவே மாட்டேங்குது. நீங்க தொழிலுக்கு வைத்தியம் பாக்குறீங்களாமே, வந்து ஒரு பார்வை பாருங்க" என்றார். என் மகளாவது சிரித்தாளா என்றால் அதுவும் இல்லை. "ஐயா, இது கடைக்கு இல்லைங்க. குளிக்கிறது, சட்டை போடுறது, சாப்பிடுறது, வேலைக்குப் போறதுன்னு ஒரு மனுஷன் தினம் செய்யிற காரியம் இருக்கில்ல? அடிபட்டோ நோய் வந்தோ அதைச் செய்ய முடியாமப் போனா, திரும்பச் செய்ய வைக்கிறதுதான் என் வேலை" என்று பொறுமையாக விளக்கினாள். அவர் நன்றாக யோசித்து, "அதுக்குத்தான் வீட்டுல பொண்டாட்டி இருக்காளே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுக்களையில் ஒரு பாத்திரம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அது தானாக விழவில்லை என்பது எனக்கும் தெரியும், உன் அண்ணிக்கும் தெரியும். பலகையை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

படிப்பு என்று சொன்னேனே, அந்த நான்கு வருஷமும் படித்தது அவள் மட்டும் இல்லை, வீடே படித்தது. எலும்பு, நரம்பு, மூளை என்று புத்தகம் புத்தகமாக வாசித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டருக்கு ஒரு படி கீழே என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் நோட்டும் பேனாவுமாக அடுக்களையில் போய் நின்று, தேநீர் போடுவதைக் கூறுகூறாகப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். பாத்திரத்தை எடுக்க எந்த விரல் மடங்குகிறது, மூடியைத் திருக எந்த மணிக்கட்டு சுழல்கிறது, பால் பொங்கும் முன் அடுப்பை அணைக்க வேண்டும் என்று மூளையில் யார் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உன் அண்ணி, "இதுக்கா யுனிவர்சிட்டி? என் பக்கத்துல நின்னிருந்தா பட்டத்தை நானே குடுத்திருப்பேனே" என்றாள். அன்றைக்குத் தேநீர் ஆறிய பிறகுதான் என் கைக்கு வந்தது. அடுத்து, வலது கை விளங்காதவர்கள் படும் பாட்டை உணர வேண்டுமாம்; வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் இடது கையாலேயே சாப்பிட்டாள், குளித்தாள், எழுதினாள். அந்த வாரம் பார்த்து நம் அக்கா வீட்டுக்கு வந்து, இவள் ஒற்றைக் கையால் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுவதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த வயசுலயா என் தங்கத்துக்குக் கை விழணும்" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மூலம் உறவு முழுக்கச் சேதி பரவிவிட்டது. நீகூட அழுதுகொண்டே போன் செய்தாய், மறந்திருக்க மாட்டாய்.

அதைவிட நூலகக் கூத்து. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரு பொது இடத்துக்குப் போய்வருவதில் என்ன இடைஞ்சல் என்று எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். இவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள், தள்ளுவதற்கு நான். நூலக வாசலில் படிகள். காவலாளி வந்து, "பின்பக்கமா வாங்க, புத்தக மூட்டை இறக்குற வழி இருக்கு" என்றார். பின்பக்கம் போனால் பூட்டு. சாவி யாரிடமோ, அந்த யாரோ சாப்பிடப் போயிருந்தார். வெயிலில் நின்று எனக்கு மயக்கமே வந்துவிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் பார்த்ததும் இவள் படிப்பை மறந்து நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து என்னைத் தாங்கிப் பிடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் என்ன சொல்லும்? "அடப்பாவி, காலு நல்லாத்தானே இருக்கு! அப்பனும் பொண்ணும் சேர்ந்து என்ன வேஷம் கட்டுறாங்க பாரு" என்றது. கடைசியில் நான் நாற்காலியில் உட்கார, அவள் என்னைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அதற்கு அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. எனக்கு அந்த நூலகத்துப் பக்கம் போகும் முகம் போயிற்று.

வேலை என்ன கிடைக்கும் என்று கேட்டாய் அல்லவா? படிப்பு தொடங்கிய அன்று பெற்றோர்களை உட்கார வைத்து ஒரு பேராசிரியை சொன்னார்: "ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மனநலக் காப்பகம், முதியோர் இல்லம், தொழிற்சாலை, உங்க பிள்ளைக்குத் திறக்காத கதவே கிடையாது." அவர் பொய் சொல்லவில்லை. எல்லாக் கதவும் திறந்தது. உள்ளே உட்கார நாற்காலிதான் இல்லை. ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்கு அடியில், உடைந்த கட்டில்களோடு ஓர் இடம் கொடுத்தார்கள். டாக்டர்கள் நோயாளியை அனுப்பும்போது, "கீழ எக்ஸர்சைஸ் பொண்ணு இருக்கும், கையைக் காலை ஆட்டி விடும், போங்க" என்று அனுப்பினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த இடம் உடைந்த கட்டில்களுக்கே திரும்பப் போயிற்று. பள்ளிக்கூடத்தில், ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளை ஊஞ்சலில் ஆட்டி, பந்தில் உருட்டி, மெல்ல மெல்ல எழுத உட்கார வைத்தாள். "பிள்ளைங்களை விளையாட விடுறதுக்குத் தனியா ஓர் ஆள் எதுக்கு?" என்று கேட்டு நிர்வாகம் ஊஞ்சலை வைத்துக்கொண்டு இவளை அனுப்பிவிட்டது. முதியோர் இல்லத்தில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்குத் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். காலை வேளை முழுக்கப் போராடி அவர் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அழுதாராம். மேற்பார்வையாளர் அம்மாள் வந்து, "எங்க ஆளு நிமிஷத்துல போட்டு விடுறான், நீ இப்படி இழுத்தடிச்சா காலைச் சாப்பாடு எப்பக் குடுக்குறது?" என்றாளாம். அந்தப் பெரியவர் ஒரே ஒரு நாள் தானாகச் சட்டை போட்டார். அதோடு சரி.

இதையெல்லாம் பார்த்துப் பொறுக்க மாட்டாமல்தான் நானே களத்தில் இறங்கினேன். காலையில் என்னோடு நடக்க வருவாரே, தகரப் பெட்டி செய்யும் ஆலையின் மேலாளர், எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பாரே, அவரைப் பிடித்து இவளுக்கு அங்கே வேலை வாங்கினேன். அடிபட்ட தொழிலாளிகளைத் தேற்றி மறுபடி வேலைக்கு அனுப்புவது இவள் பொறுப்பு. தனி அறை, மின்விசிறி, பெயர்ப்பலகை. பலகையில் 'சிகிச்சை' என்பதில் ஒரு 'ச்' விட்டுப்போயிருந்தது. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை என்றால் எவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன் என்று பார்த்துக்கொள்.

அங்கே தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவர் ஒருவர். வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப்போய், ஆஸ்பத்திரியில் தைத்து ஒட்ட வைத்திருந்தார்கள். விரல்கள் இருந்தன, ஆனால் விறைத்த குச்சிகளாக இருந்தன. அவரிடம் இவள் என்ன கேட்டாள் தெரியுமா? "எந்த வேலையைத் திரும்பச் செய்யணும்னு உங்களுக்கு ஆசை?" அந்த மனுஷன் பிரஸ்ஸைச் சொல்லவில்லை. "என் சம்சாரம் விடியுறதுக்கு முந்தி வேலைக்குப் போயிரும். பாப்பாவுக்கு நான்தான் ஜடை பின்னி விடுவேன். இப்பப் பக்கத்து வீட்டுல போயி நிக்குது" என்றாராம். அவ்வளவுதான், ஆலை நேரம் போதாதென்று அவரை நம் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள். தரை துடைக்கிற மாப்பை நாற்காலி முதுகில் தலைகீழாகக் கட்டி வைத்து, முழுக்க வளர்ந்த ஓர் ஆண்பிள்ளை அதற்கு மூன்று கால் எடுத்து ஜடை பின்னுவதை நான் என் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் பிடி நழுவும், வியர்த்துக் கொட்டும், கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்து உன் அண்ணியைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். மாதங்கள் போயின. ஒருநாள் அடிமுதல் நுனிவரை பிசிறில்லாமல் பின்னி ரப்பர் பேண்டும் போட்டுவிட்டார். உன் அண்ணி கைதட்டினாள். நான் தட்டவில்லை. வீடு துடைக்க அன்றைக்கு மாப்பு இல்லை.

இந்தச் சேதி மேலாளர் காதுக்குப் போனதுதான் வினை. நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, ஜடையெல்லாம் பின்னுறானாமே? அப்ப லிவரை இழுக்க முடியாதா? வேலைக்குத் தகுதின்னு கையெழுத்துப் போட்டுக் குடு."

"லிவரை இழுப்பாரு சார். கையை வெளியே எடுக்கணும்ல, அதுலதான் சந்தேகம். விரல் நுனியில இன்னும் உணர்ச்சி வரலை. தகடு கையில பட்டுதா படலையான்னு கண்ணால பாத்தாத்தான் அவருக்குத் தெரியும். பேக்கிங்ல போடுங்க."

"பேக்கிங்ல இடமே இல்லை."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் விடுங்க சார்."

"அவனே வர்றேங்குறான். உனக்கு என்ன வந்துச்சு?"

அதுவும் உண்மை, தம்பி. மறுநாள் அந்த மனுஷனே வந்து நின்றார். "போட்டுக் குடுத்துருங்கம்மா. ஜடை பின்னிக்கிட்டே உக்காந்திருந்தா அடுப்பு எரியுமா?" என்றார். இவள் தலை குனிந்து நின்றாளே தவிர, போடவில்லை. அவர் போன பிறகு நான் கத்தினேன். ஊரார் கைக்கெல்லாம் நீதான் காவலா, அவனுக்கும் வேணும், முதலாளிக்கும் வேணும், நடுவுல நீ யாரு என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவள் கேட்டாள்:

"அப்பா, தப்பு இருக்குன்னு தெரிஞ்சே நீங்க ஒரு பக்கத்தை அச்சுக்கு விட்டிருக்கீங்களா?"

"விட்டா என்ன? அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

"அதைத்தாம்ப்பா நானும் சொல்றேன். இதுக்கு அடுத்த பதிப்பு இல்லை."

எழுத்துக்குக் கால் விட்டுப்போனால் போட்டுக் கொடுப்பவன் நான். என்னிடமே இவள் பாடம் படிக்கிறாள். வேலை போயிற்று. ஆலை டாக்டர் தலையைக்கூடத் தூக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மனுஷன் பிரஸ்ஸுக்குத் திரும்பினார். மேலாளர் என்னோடு நடக்க வருவதை நிறுத்திக்கொண்டு தெருவின் அந்த ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு நடந்ததை நீட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. மழை பெய்த ஒரு காலையில் பிரஸ் அதே கையை மறுபடி வாங்கிக்கொண்டது. இந்தத் தடவை தைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கை உள்ளே இருப்பது பக்கத்தில் இருந்தவர் கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். "நான் கையெழுத்துப் போடலைன்னு சந்தோஷப்படணுமாப்பா?" என்று கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

சொல், தம்பி. கையெழுத்து என்று நம் ஆட்கள் தெரியாமலா பெயர் வைத்தார்கள்? ஒருவன் எழுத்துப் போட்டான், இன்னொருவன் கை போயிற்று. இவள் போடாமல் இருந்து யாருடைய கையைக் காப்பாற்றினாள்? நான்கு வருஷம் மூளையையும் நரம்பையும் படித்தவள் ஒரு டாக்டரின் கிறுக்கலுக்கு முன்னால் என்ன ஆனாள்? இப்போது தடித்த பிடி போட்ட கரண்டி, துணிக் கிளிப், பிசையக் களிமண் என்று ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வீடு வீடாகப் போகிறாள். கூப்பிடுகிறவர்களும் குறைவு, கூப்பிட்ட வீட்டிலும், "கொஞ்சம் அப்படியே பிடிச்சு விட்டுட்டுப் போம்மா" என்கிறார்கள். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி இவள் படிப்புக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருக்கிறது. மேசை, நாற்காலி, குளிரூட்டிய அறை. நோயாளி முகத்தையே பார்க்க வேண்டாம். போ, போ என்று தினமும் அவள் காதில் ஓதுகிறேன். செவிடன் காதில் சங்கு.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: சின்னவளைச் சேர்க்காதே. கணக்குப் படிக்கட்டும், கம்ப்யூட்டர் படிக்கட்டும், ஒன்றும் படிக்காமல் சும்மா இருந்தாலும் நஷ்டமில்லை. பிறத்தியார் சட்டைப் பொத்தானுக்காகத் தூக்கம் கெடுகிற படிப்பு மட்டும் நம் குடும்பத்தில் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். சின்னவளுக்கு ஆசீர்வாதம், பெயரைச் சொன்னவுடன் ஜனங்களுக்குப் புரிகிற உத்தியோகம் அவளுக்கு அமையட்டும். உன் கை கால் எல்லாம் உன் பேச்சைக் கேட்டு நூறு வயது வரை நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும்
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டியபிறகு கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இன்று காலையில் இஸ்திரி போட்ட உடையோடு என் மகள் என் முன்னால் வந்து நின்று, "இன்சூரன்ஸ்காரங்க கூப்பிட்டாங்கப்பா. சரின்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை சேரணும்" என்றாள். நான் குதித்திருக்க வேண்டும் இல்லையா? குதிக்காமல், "அங்க என்ன வேலை?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அடிபட்டவங்க காகிதம் வரும். பாத்துட்டு, இவரு வேலைக்குப் போகலாம், பணம் தர வேண்டியதில்லைன்னு எழுதணும்" என்றாள். "போக முடியாதவங்களுக்கு?" என்றேன். "அவங்களுக்கும் அதையேதான் எழுதணும். அதுக்குத்தான் ஆள் எடுக்குறாங்க" என்றாள். சொல்லும்போது முகத்தில் கோபம்கூட இல்லை, தம்பி. உன் அண்ணி என்னைப் பார்த்து, "சந்தோஷந்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவள் சொல்லிவிட்டு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பிரஸ்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் கட்டு. "அம்மா இருக்காங்களா சார்? இடது கையால பின்ன முடியுமான்னு கேக்கணும்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இவள் கதவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினாள், இல்லையென்று சொல்லச் சொல்லி. சொன்னேன். "பரவால்ல சார், நாளைக்கு வர்றேன்" என்று போனவர், கேட் கொண்டியைப் போட வழக்கப்படி வலது கையை நீட்டிவிட்டு, நின்று, பிறகு இடது கையால் போட்டுவிட்டுப் போனார்.

நீ கிளம்பி வா. திங்கட்கிழமைக்குள் வா. மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. அதைக் கிழித்துப் போட்டுவிடு, சின்னவளை அந்தப் படிப்பிலேயே சேர்த்துவிடு, வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா. அக்கா மாதிரி ஆகணும் என்று ஒருத்தி எதிரே வந்து நின்றால் இவளுக்கு அந்தக் கம்பெனி வாசற்படி ஏறக் கால் வராது. நான் சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் எந்த வாயால் சொல்வது? பிறந்ததிலிருந்து நான் ஒன்று சொன்னால் அதற்கு நேர்மாறாகவே செய்தவள், முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லையடா.